நீல டிஸ்க்கில் இருந்த நாலு பேர்

ஒரு நல்ல மனிதனைக் கள்ளன் என்று நினைத்து, அவனுடைய களவை மறைக்கிறேன் என்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் தடயம் அழித்தவன் நான். அவன் களவெடுக்கவில்லை. நான் அழித்தது தடயமும் இல்லை. இதை இவ்வளவு காலமும் வெளியில் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். இப்போது சொல்வதற்குக் காரணம், ஐம்பது தாண்டினால் வெட்கமும் பல்லைப் போலக் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் தென்மேற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் வேலை. சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, பூதக்கண்ணாடி பூட்டிய விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, பொதி கட்டி, நீராவியில் அவித்து மேலே அனுப்புகிற பகுதி. ஊருக்கு எழுதிய கடிதங்களில் "ஆஸ்பத்திரியில் வேலை" என்று மட்டும் எழுதுவேன். சொந்தக்காரரில் பாதிப் பேர் என்னை டொக்டர் என்று நம்பினார்கள். மற்றப் பாதிக்கு என்னைத் தெரியும்.

அந்தக் கருவிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிற போர்ட்டர் வேல்ஸ் நாட்டுக்காரன். என் வயதுதான். நீண்ட கை, குறைந்த பேச்சு. வண்டியின் கீழ்த்தட்டில் எப்போதும் ஒரு தோள்பை கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அதன் வாய் திறந்திருந்தது. உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிளாஸ்டிக் தட்டுகள்.

அவன் பேசியது ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்துக்குள் அவன் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

"என்ன, சாப்பாட்டுக்குக் கோப்பையோடை வந்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"இது டிஸ்க். கோல்ஃப் விளையாடுறது. பந்தும் தடியும் இல்லை, இதை எறியிறது. விழுந்த இடத்திலை நிண்டு திரும்ப எறியிறது. ஆர் குறைய எறிஞ்சு இலக்கைத் தொடுறானோ, அவன் வெண்டான்."

"இலக்கு எண்டால்?"

"மரம். வேறை இடங்களிலை சங்கிலி போட்ட கூடை வைச்சிருக்கிறாங்கள். எங்களுக்கு மரம் காணும். ஒன்பது மரத்திலை சிவப்பு டேப் சுத்தி வைச்சிருக்கிறம். நாளைக்கு வாறியோ? எறியத் தெரியுமோ?"

"கல் எறிவன். மாங்காய்க்கு."

"அப்ப காணும்."

காணவில்லை, போதவே இல்லை. விம்பிள்டனுக்கு அந்தப் பக்கம் இருந்த பொதுவெளியில் நான் எறிந்த முதல் டிஸ்க், மரத்துக்கு நேர் எதிர்த் திசையில் போனது. நடக்க வந்த ஒரு பெண்ணின் நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. அந்தப் பெண் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள். போர்ட்டர் எனக்கு ஆறுதல் சொன்னான்: "நாய் மரத்துப் பக்கமாத்தான் கொண்டு போகுது. உன்னை விட அதுக்குத் திசை தெரியும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஏன் போனேன் என்று மனைவி கேட்டபோது, உடம்புக்கு நல்லது என்றேன். உண்மை வேறு. கடை, கோயில், வேலை, வீடு என்ற நாலு இடங்களைத் தவிர லண்டனில் எனக்கு ஓர் ஐந்தாவது இடம் கிடைத்திருந்தது. அங்கே எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், விசா என்ன மாதிரி என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பகிடி விடுவேன், அவன் மூக்கால் சிரிப்பான், இரண்டு பேரும் முட்செடிக்குள் குனிந்து என் டிஸ்க்கைத் தேடுவோம். அதுதான் விளையாட்டு. தேடுகிற நேரத்தைக் கழித்தால் எறிந்தது கொஞ்சம்தான்.

எறிவதில் எனக்குக் கை வராது என்பது இரண்டு மாதத்தில் தெளிவானது. ஆனால் வேறொன்று வந்தது. போர்ட்டர் தன் டிஸ்க்குகளைச் சேறோடு காற்சட்டையில் ஒரு தேய், அவ்வளவுதான், பைக்குள் போட்டுவிடுவான். கழுவுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. லண்டன் பொதுவெளியில் ஒரு டிஸ்க் படுகிற பாடு கொஞ்சமில்லை. ஈரமண் விளிம்பின் உட்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்துவிடும். பிறகு விரலுக்குப் பிடி கிடைக்காது, எறியும்போது வழுக்கும். பைன் மரத்தில் பட்டால் பிசின். கல்லில் பட்டால் விளிம்பில் பிசிர் எழும்பிக் கையைக் கீறும். நாய்கள் விட்டுப் போவதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

"தா, நான் கழுவிக் கொண்டு வாறன்," என்று இரண்டிரண்டாக வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன்.

முதல் நாளே குசினியில் சண்டை. எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டுக்குக் கோப்பை என்றுதான் பெயர். ஆகையால் மனைவிக்கு டிஸ்க்குகள் எல்லாம் கோப்பைகள்தான்.

"பிள்ளையள் சாப்பிடுற கோப்பை கழுவுற இடத்திலை நாய் மிதிச்ச கோப்பையை வைக்கிறீங்களோ?"

"இது எறியிற சாமான், இஞ்சரும்."

"அப்ப எறியுங்கோ. என்ர சிங்குக்குள்ளை வேண்டாம்."

அப்படியே குளியலறைக்கு நாடு கடத்தப்பட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, வாளியில் இளஞ்சூட்டு நீர் வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு பழைய பல்பிரஷ்ஷால் விளிம்பின் உட்பக்கத்தைச் சுற்றி வருவேன். பிசினுக்குச் சவர்க்காரம் சரிவராது. தேங்காயெண்ணெயை ஒரு துளி விட்டு ஊறவைத்தால் அது தானாகக் கழன்று வரும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் திரும்பக் கழுவ வேண்டும். பிசிர் எழும்பிய இடத்தைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் படிந்துவிடும். மிஞ்சினதை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவு. கடைசியில் துணியால் ஒற்றி நிழலில் காயவைப்பது.

நிழலில் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் சொந்த டிஸ்க்கை, நானே கடையில் வாங்கிய ஒரேயொரு டிஸ்க்கை, கெதியாகக் காயட்டும் என்று ரேடியேட்டரின் மேலே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தபோது பொரித்த அப்பளம் போல நெளிந்து நின்றது. போர்ட்டர் அதைப் பார்த்துவிட்டு, சுடுநீரில் போட்டு இளக்கி, டெலிபோன் புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வைக்கச் சொன்னான். வைத்தேன். கொஞ்சம் நிமிர்ந்தது. "இப்ப இது உன்னை மாதிரியே பறக்குது," என்றான்.

ஆனால் தேங்காயெண்ணெய் விஷயத்தில் அவன் அசந்துதான் போனான். அவன் பிசினை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவன். பளிச்சென்ற டிஸ்க்கை முகர்ந்து பார்த்து, "நல்ல மணம்" என்றான். அன்றிலிருந்து கழுவுகிற பொறுப்பு முழுதாக என்னுடையது. ஒரு மனிதன் தன் சாமானை நம்பித் தருகிறான் என்றால் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிடும். கனத்தது.

இப்படி இரண்டு வருசத்துக்குக் கிட்டப் போனது. ஒரு பங்குனி மாதம் போர்ட்டருக்கு முழங்காலில் ஒப்பரேஷன் என்றானது. ஆறு கிழமை நடக்க ஏலாது. போகிற அன்று வண்டியின் கீழ்த்தட்டிலிருந்த பையை அப்படியே தூக்கி என் மேசையில் வைத்தான்.

"இதைக் கொண்டு போ. என்ர வீடு ஈரம், சும்மா கிடந்தா பூஞ்சணம் பிடிக்கும். ஒருக்கா எல்லாத்தையும் துடைச்சு விடு."

"துடைக்கிறதோ? நீ திரும்பி வரேக்கை முகம் பார்க்கலாம்," என்றேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். மனைவியும் பிள்ளைகளும் கீழே டீவி பார்க்க, நான் குளியலறைத் தரையில் பத்திரிகை விரித்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு மையில் அவனுடைய பெயரும் டெலிபோன் நம்பரும் இருக்கும். டிஸ்க் தொலைந்தால் எடுத்தவர் கூப்பிட்டுச் சொல்வதற்காக எல்லோரும் அப்படி எழுதி வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். பையின் முதுகுப் பக்கம் சிப் இழுத்து மூடுகிற ஓர் அறை இருந்ததுதான் தெரியாது. அதற்குள் பழைய துவாய் ஒன்றில் சுற்றி இன்னொரு டிஸ்க்.

வெளிர் நீலம். அதன் அடியில் அவனுடைய பெயர் இல்லை. வேறு பெயர்கள் இருந்தன. மூன்று பேர் கறுப்பு மையில் கையெழுத்து வைத்திருந்தார்கள். நாலாவது ஆள் பேனாவால் என்னவோ கிறுக்கியிருந்தான். மை சரியாகப் பிடிக்காமல், கோழி கிளறின மாதிரி ஒன்றும் வாசிக்க முடியாமல் இருந்தது.

அதைத் திரும்பத் துவாயில் சுற்றி வைத்துவிட்டேன். ஏன் சுற்றினேன் என்று விளங்க வேண்டுமென்றால் எங்கள் சட்டி பானைகளின் அடியைப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் லண்டனில் பிறந்தநாள், சாமத்திய வீடு, அந்தியேட்டி எதுவென்றாலும் பெரிய சட்டிகள் வீட்டுக்கு வீடு இரவல் போகும். கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு மனைவியும் தன் சட்டிக்கு அடியில் சிவப்பு நெயில் பொலிஷ்ஷால் எழுத்துப் போட்டிருப்பாள். விருந்து முடிய, மண்டபத்துப் பின்கதவில் நின்று அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் காரில் ஏற்றுவார்கள். கிங்ஸ்பரியில் ஒரு குடும்பத்தின் குசினி அலுமாரியில் இன்னொருவரின் எழுத்துப் போட்ட சட்டி இருந்தது. மறதியாக வந்ததுதான். ஆனால் மூன்று வருசம் அந்தக் கதை கோயில் வீதியில் ஓடியது. அந்த மனிதர் தேருக்கு வந்தால்கூட ஆட்கள் செருப்பைப் பத்திரமாக வைத்தார்கள்.

சாமானில் யாருடைய பெயரோ அவருடைய சாமான். இதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். நாலு பேரின் பெயர் போட்ட, தன் பெயர் போடாத ஒன்றைத் துவாயில் சுற்றி, சிப் போட்ட அறைக்குள் ஒருவன் ஒளித்து வைத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

கீழே போய் மனைவியிடம் மெல்லச் சொன்னேன். அவள் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கட சிநேகிதன்தானே? பார்த்தால் அப்பிடி ஆள் மாதிரித் தெரியேல்லை."

"ஆரைத்தான் தெரியுது."

"எதெண்டாலும் மற்ற ஆக்களின்ர பேர் கிடக்கிற சாமானை இஞ்சை வைச்சிருக்க வேண்டாம். நாளைக்கு உங்களைத்தான் சொல்லுவாங்கள். கறுவல்தான் எடுத்தவன் எண்டு முடிச்சுப் போடுவாங்கள்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றிவிட்டது. மேலே ஏறும்போது என் திட்டம் முழுதாகத் தயாராக இருந்தது. அவனிடம் கேட்டால் அவனுக்கு வெட்கம். முப்பத்தைந்து வயது மனிதனை, முழங்காலில் தையலோடு கிடப்பவனை, ஏன் வெட்கப்படுத்த வேண்டும்? பெயர்களை அழித்துவிட்டால் டிஸ்க் வெறும் டிஸ்க். ஒருவரும் ஒன்றும் கேட்க ஏலாது. கழுவும்போது போய்விட்டது என்று நினைப்பான், நான் சந்தேகப்பட்டதை அறியமாட்டான். ஒரு நல்ல சிநேகிதன் இதைத்தான் செய்வான் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இவ்வளவு பெருந்தன்மையோடு நான் அதற்கு முதலும் இருந்ததில்லை, பிறகும் இல்லை.

சவர்க்காரத்துக்குக் கறுப்பு மை அசையவில்லை. தேங்காயெண்ணெய்க்கும் அசையவில்லை. மனைவியின் நெயில் பொலிஷ் ரிமூவர் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. கதவைப் பூட்டினேன். பஞ்சில் நனைத்துத் தொட்டவுடன் முதல் பெயர் கரைந்து வழிந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது ஆளின் கிறுக்கலில் மை கொஞ்சம்தான் இருந்தது. அது போனபின்னும் கீறல்கள் மிஞ்சின. பேனாவால் அழுத்தி அழுத்தித் தோண்டியிருந்தான். அரைகுறையாக விட எனக்கு மனம் வராது. கரண்டியை எடுத்தேன். கரண்டி முதுகுக்குப் படியவில்லை. உப்புத்தாளைத் தேடி எடுத்துக் கையில் சுற்றினேன்.

அந்த நேரம் கதவு இடிபட்டது.

"என்னப்பா, உள்ளை என்ன செய்யிறீங்கள்? மணம் கீழை மட்டும் வருது. சின்னவளுக்கு அவசரம், திறவுங்கோ."

உப்புத்தாளைக் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தேன். பிறகு அந்தக் கீறல்களை மறந்துபோனேன். என்னை அன்று காப்பாற்றியது என் சின்ன மகளின் வயிறு. அதற்கு அவளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை போர்ட்டரைப் பார்க்க மிச்சம் என்ற இடத்துக்குப் போக வெளிக்கிட்டேன். அதாவது மிட்சம், எங்கள் வீட்டில் அதை அப்படித்தான் சொல்வோம். மனைவி வடை சுட்டிருந்தாள். வருத்தக்காரனைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் தன்னுடைய நல்ல கோப்பையைக் கொடுத்துவிடவும் அவளுக்கு மனமில்லை. போன கோப்பை திரும்பாது என்பது அவளுடைய அனுபவம். பையைத் திறந்து பார்த்தாள்.

"இதிலை வைச்சுக் கொண்டு போங்கோ. நல்ல பளிச்செண்டு இருக்கு. அவரின்ர சாமான் அவரிட்டையே போகுது."

அவள் கையிலெடுத்தது நீல டிஸ்க். மடியில் அதை மல்லாக்க வைத்து, மேலே ஈயத்தாள் மூடி, தோளில் பையோடு பஸ்ஸில் உட்கார்ந்து போனேன். எண்ணெய் மணத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

அவன் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக் கதிரையில் இருந்தான். வெளிறிப் போயிருந்தான், மெலிந்தும் இருந்தான். வடையைக் கண்டு முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"இது இனிப்பில்லையே."

"ஆர் சொன்னது இனிப்பெண்டு? உழுந்து."

"நல்லாயிருக்கு. நடுவிலை ஓட்டை இருந்தா இனிக்கும் எண்டு நினைச்சிட்டன்." இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதை எடுக்கக் கை போனபோது நின்றது. வடைகளுக்கு நடுவே நீலம் தெரிந்தது.

"இது எந்த டிஸ்க்?"

"உன்ரதான்."

அவன் மிச்ச வடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பத்திரிகையின் மேலே வைத்தான். சட்டைக் கையால் எண்ணெயைத் துடைத்தான். அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். திரும்ப இந்தப் பக்கம்.

"இதிலை எழுத்து இருந்தது."

"ஓம். கஷ்டப்பட்டுத்தான் போனது," என்றேன். அந்த வசனத்தை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் நேர்மை இல்லை.

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:

"அஞ்சாம் மரத்தை நான் ஒரே எறியிலை அடிச்ச டிஸ்க் இது. தூரத்திலையிருந்து, ஒரே எறி. எனக்கு வாழ்க்கையிலை ஒருக்காத்தான் நடந்தது. அப்பிடி நடந்தா, கண்டவங்கள் எல்லாரும் அந்த டிஸ்க்கிலை கையெழுத்து வைப்பாங்கள். பிறகு அதை எறியிறேல்லை. வைச்சிருக்கிறது."

அப்போதும் என் வாய் நிற்கவில்லை. "அதுக்கென்ன, அவையளைத் தேடிப் பிடிச்சுத் திரும்பக் கையெழுத்து வாங்குவம். நான் வாங்கித் தாறன்."

"ரெண்டு பேரிட்டை வாங்கலாம். ஒருத்தன் அவுஸ்திரேலியாவிலை. அவனுக்கும் எழுதலாம்."

"நாலாவது ஆள்?"

"என்ர தம்பி. நீ விளையாட வாறதுக்கு முந்தின மாரியிலை செத்துப் போனான்."

எழும்பிப் போகவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. கடைசியில் அவன்தான், "தேத்தண்ணி போடு, எனக்கு எழும்ப ஏலாது," என்றான். போட்டேன். குடித்தோம். நான் வெளிக்கிடும்போது அந்த டிஸ்க்கைக் கேட்டேன். ஒரு கிழமைக்குத் தா என்றேன்.

"இன்னும் என்ன அழிக்கப் போறாய்?"

"ஒண்டும் அழிக்கேல்லை. பார்க்கத்தான்."

அவன் பைக்குள் துவாயைத் தேடி எடுத்து, டிஸ்க்கை அதில் சுற்றித் தந்தான். என்னை நம்பியா, அல்லது இனிப் போவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதாலா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்தக் கீறல்கள் ஞாபகம் வந்தன. கழுவுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். மை மேலே இருக்கும், கீறல் உள்ளே இருக்கும். மேலே இருப்பதை அழிக்கலாம், உள்ளே இருப்பதை அழிக்கச் சுரண்ட வேண்டும். நான் சுரண்டவில்லை. கரண்டியால் மட்டும் தேய்த்திருந்தேன். எவ்வளவு அழுத்தித் தேய்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த டிஸ்க்கை நான் தொடவில்லை. துவாயைப் பிரிக்கவே பயம்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். பகுதியில் ஒருவரும் இல்லை. சத்திரசிகிச்சைக் கத்தரிக்கோலில் வெடிப்புப் பார்க்கிற விளக்கின் கீழே டிஸ்க்கை வைத்தேன். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. சரித்துப் பிடித்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழச் செய்தேன். கரண்டி போன ஓர் இடத்தில் வரி மழுங்கியிருந்தது. மற்ற இடங்களில் மெல்லிய வாய்க்கால்கள் போல ஓடின. ஆனால் பிளாஸ்டிக்கில் இருந்த நூறு சாதாரணக் கீறல்களோடு அது கலந்திருந்தது. எது எழுத்து, எது கல் கீறியது என்று பிரிக்க முடியவில்லை.

அந்த நாட்களில் சத்திரசிகிச்சைக் கையுறைகளின் உள்ளே கை நுழைவதற்காக வெள்ளை மா தூவியிருக்கும். ஒரு கையுறையை உதறினேன். மாவை விரல் நுனியால் மெல்லப் பூசி, ஊதினேன். மா மேலே இருந்து பறந்தது. ஆழமான கோடுகளுக்குள் மட்டும் தங்கியது.

நீலத்தில் வெள்ளையாக எழுத்துகள் எழும்பின. முதன்முறையாக அதை நான் வாசித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி: "கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்தான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்." கீழே ஒரு கையெழுத்து. அதன் கடைசி எழுத்தின் வாலைக் கரண்டி தின்றிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது. அந்த ஆளை நான் கண்டதில்லை. ஆனால் அண்ணனைச் சீண்டுகிற ஒரு தம்பி இப்படித்தான் எழுதுவான் என்பது எனக்குத் தெரியும். அங்கேயே கதிரையில் இருந்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்த கையோடு நேரே மிட்சம் போனேன். அவனுக்கு ஒன்றும் விளக்கவில்லை. மேசை விளக்கைக் கீழே இறக்கி, சரித்துப் பிடித்து, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மாவைப் பூசி ஊதிக் காட்டினேன். அவன் குனிந்தான். பெருவிரல் நகத்தால் அந்த வரியின் மேலே மிக மெல்லமாக, தொட்டும் தொடாமலும், இடமிருந்து வலம் போனான். முடிவில் வால் இல்லாத இடத்தில் விரல் நின்றது.

"பொய் சொல்லியிருக்கிறான், நாய்," என்றான். "என்ர கண் திறந்துதான் இருந்தது." குரல் உடைந்திருந்தது. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய், கேத்தல் கொதித்தபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்தபோது, அந்தக் கோடுகளுக்குள் கறுப்பு மை விட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். தேவைப்பட்டால் விளக்கைச் சரித்துக்கொள்கிறேன் என்றான். பிறகு கேட்டான்:

"ஏன் அழிச்சனீ? நீ வடிவாக் கழுவுவாய், தெரியும். ஆனா மற்ற டிஸ்க்கிலை என்ர பேரை ஒருநாளும் அழிக்கேல்லையே."

பொய் ஒன்று வாயில் தயாராக இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அந்த விளக்கு இன்னும் டிஸ்க்கின் மேலே சரிந்து கிடந்தது. சொல்லிவிட்டேன். சட்டி அடி, நெயில் பொலிஷ், கிங்ஸ்பரி, துவாய், சிப், எல்லாவற்றையும். அவனைக் கள்ளன் என்று நினைத்தேன் என்றும், அவனுக்கு வெட்கம் வரக் கூடாது என்று கேட்காமல் விட்டேன் என்றும். சொல்லும்போது நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு பகிடியும் விட்டேன். என்ன பகிடி என்று ஞாபகமில்லை. அவன் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத் துவாயை மடியில் விரித்தான். டிஸ்க்கை வைத்து, நாலு முனையையும் மடித்தான். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

"என்னைக் கள்ளன் எண்டு நினைச்சது பரவாயில்லை. ரெண்டு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை என்னோடை நடந்தனீ, வாய் ஓயாமல் கதைச்சனீ. எனக்கொரு தம்பி இருக்கிறானோ எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை."